நீலம் வராதவள்

குச்சியைச் செய்தவளுக்கே குச்சி நீலமாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் யாராவது, "அதெல்லாம் சரி, உனக்கு வந்துச்சா?" என்பார்கள். என் சொந்தச் சித்தப்பாவே அப்படிக் கேட்டிருக்கிறார்.

கொல்லிமலைக்கு ஏறி வந்தவர்களுக்கு முடவாட்டுக்கால் கிழங்கைத் தெரிந்திருக்கும். பாறையிலும் மரத்திலும் ஒட்டிக்கொண்டு வளர்கிற ஒரு பெரணியின் கிழங்கு. மேலெல்லாம் பழுப்பு மயிர். கூடையில் குவித்து வைத்திருப்பதைப் பார்த்து, கசாப்புக் கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போன சைவக் குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். மயிரைச் சுரண்டி, நசுக்கி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தால் மூட்டு வீக்கம் வற்றும். எங்கள் மலையில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கால் வலித்தால் வீட்டில் அது கொதிக்கும், அவ்வளவுதான்.

கீழே இருந்து வருகிறவர்கள் அருவிக்குப் போகும் வழியில் ஒரு கப் குடித்துவிட்டு, முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லையே என்பார்கள். ஒரு மண்டலம் குடிக்க வேண்டும் என்பார் கடைக்காரர். மண்டலம் மண்டலமாகக் குடித்தாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஏன் ஆகவில்லை என்ற கேள்வியை வைத்துத்தான், நான் வேலை பார்க்கிற வேரகம் கம்பெனியே தொடங்கியது.

வேலையில் சேர்ந்த புதிதில் மாதவராஜ் சார் இதை எனக்கு விளக்கினார். அவர்தான் ஆய்வகத்துக்குத் தலைவர். நல்ல படிப்பாளி. எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்துப் பேசத் தெரியாதவர்.

"கிழங்குல இருக்கற மருந்து பூட்டுப் போட்ட பொட்டி வினோதா. சர்க்கரைதான் பூட்டு. நம்ம வயித்துல அதுக்குச் சாவி கிடையாது. அப்படியே உள்ள போயி அப்படியே வெளிய வந்துடும். உங்க ஆளுங்க வயித்துல மட்டும் ஒரு நுண்ணுயிரி சாவியோட உக்காந்துருக்கு. தாய் மூலமா பிள்ளைக்கு வருதுபோல."

'நம்ம வயிறு', 'உங்க ஆளுங்க வயிறு.' ஒரே வாக்கியத்தில் நான் எந்த வயிற்றில் நிற்கிறேன் என்று தெரியாமல் தலையாட்டினேன்.

அந்தப் பூட்டு திறந்து வெளியே வருகிற சிறிய மூலக்கூறு ரத்தத்தில் கலந்து, மூட்டில் வீக்கத்தை அடக்கிவிட்டு, மூத்திரத்தில் இறங்கிவிடும். அது பட்டால் நீலமாகிற சாயத்தைக் கண்டுபிடித்துக் குச்சியில் ஏற்றியது நான். கர்ப்பம் பார்க்கிற குச்சி மாதிரிதான். முதல்நாள் மாலை ஒரு கப் கிழங்குச் சாறு, மறுநாள் காலை மூத்திரத்தில் குச்சி. நீலம் வந்தால் கிழங்கிலிருந்து எங்கள் கம்பெனி செய்கிற மாத்திரை உங்களுக்குக் கேட்கும். வராவிட்டால் காசை வீணாக்காதீர்கள். இதற்காக மட்டும்தான் அதைச் செய்தேன்.

முதலில் சோதித்தது என்னைத்தான். மாதவராஜ் சார் குச்சியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை. ஹாஸ்டல் சாப்பாடு, ஆன்டிபயாட்டிக், அதில் செத்துப்போயிருக்கும் என்றார். யாரோ செருப்பைத் தொலைத்துவிட்டதைச் சொல்வதுபோல இருந்தது.

எங்கள் சாதிக்குச் சர்க்கார் காகிதத்தில் மலையாளி என்று பெயர். மலையை ஆள்கிறவன் மலையாளி. கல்லூரியில் சேர்ந்த அன்றிலிருந்து, "மலையாளியா, கேரளாவுல எங்க?" என்று கேட்டே கொன்றார்கள். இல்லைங்க, இது வேற, நாங்க கொல்லிமலை, தமிழ்தான் பேசுவோம் என்று சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்தவள் நான். அன்றைக்கு அந்த வெள்ளைக் குச்சியைப் பார்த்தபோது, முதல்முறையாக அதை எனக்கே விளக்கவேண்டி வந்தது. என்னால் முடியவில்லை.

அதற்கப்புறம் நடந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சாயம் என்னுடையது.

பழங்குடிச் சான்றிதழ் சரிபார்க்கிற குழு ஒன்று உண்டு. அதில் யாரோ ஒரு புத்திசாலி எங்கள் ஆய்வறிக்கையைப் படித்திருக்கிறார். மலைவாசிகளுக்கு மட்டும் நீலம், மற்றவர்களுக்கு வெள்ளை. அப்புறம் விசாரணை எதற்கு? முதலில் கூடுதல் ஆதாரம் என்றார்கள். பிறகு அதுவே ஆதாரம் என்றார்கள். கம்பெனி குச்சியை விற்றது, அவர்கள் வாங்கினார்கள். நான் வேலையில் இருந்தேன்.

இதில் எனக்கு அதிகம் குழப்பமானது எங்கள் ஜனங்களுக்கு ஏற்பட்ட சந்தோஷம். அவர்களைத் தப்பு சொல்லவும் முடியாது. குச்சிக்கு முன்னால் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது முடித்த வருடம் ஒரு அதிகாரி என்னை எதிரில் நிற்கவைத்து, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, உங்கள் குலதெய்வம் என்ன, கல்யாணத்தில் என்ன செய்வீர்கள், சாவில் என்ன செய்வீர்கள், ஒரு பாட்டுப் பாடு பார்க்கலாம் என்று கேட்டார். பாடினேன். கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு வாங்கினவள், மலைக்காரி என்று நிரூபிக்கப் பாடினேன். குச்சி வந்ததும் அதெல்லாம் போயிற்று. "மூத்திரம் பொய் சொல்லாதுல்ல," என்றார் சித்தப்பா. ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது.

சிரிப்பு சீக்கிரம் வேறு மாதிரி ஆனது. 'நீலம் வந்த வீடு' என்று ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் அத்தை மகள் கவுசல்யா திருப்பூரில் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தவள். நிச்சயத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டில் குச்சி கேட்டார்கள். வெள்ளை. நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லாமல் போனால் யார் பதில் சொல்வது என்று தட்டை மாற்றாமலேயே எழுந்து போய்விட்டார்கள். கேட்டவர்களும் எங்கள் ஆட்கள்தான். கவுசல்யா மறுபடி திருப்பூருக்கே போனாள். போகும்போது என்னிடம், "நல்லாப் படிச்சக்கா நீயி," என்றாள்.

பிறகு என் தங்கை மேனகாவின் முறை வந்தது.

மேனகா ஒன்றாம் வகுப்பிலிருந்து அடிவாரத்தில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள். எங்கள் ஊரிலிருந்து டாக்டர் சீட் எடுத்த முதல் ஆள். சான்றிதழைக் கொண்டுபோய்க் கல்லூரியில் கொடுத்தால் சேர்க்கை, கொடுக்காவிட்டால் சீட் அடுத்தவருக்கு. சோதனையில் வெள்ளை வந்ததும் எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். அழவில்லை.

"அக்கா, உன் குச்சி என்னைய இல்லைங்குது."

மேல்முறையீடு செய்தோம். மறுசோதனைக்குத் தேதி கொடுத்தார்கள். நான் லீவு போட்டுவிட்டு மலைக்குக் கிளம்பினேன். புதிதாக வந்த குச்சிகளை ஊரில் ஓரிருவரிடம் சோதித்துப் பார்க்கச் சொல்லி மாதவராஜ் சார் ஒரு பெட்டி கொடுத்துவிட்டிருந்தார். மருந்து தேடுகிற கம்பெனிக்கு என் அம்மா ஓரிருவரில் ஒருத்தி.

வீட்டில் அன்று சாயங்காலம் அம்மாவுக்கும் எனக்கும் பெட்டியில் இருந்த சாற்றைச் சூடுபண்ணினேன். பெட்டிமேல், 'சாறு அருந்திய பின் மறுநாள் காலை வரை எதுவும் சாப்பிடக் கூடாது' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொன்னேன். சரி புள்ள என்றாள்.

காலையில் அம்மாவின் குச்சி நீலம். என்னுடையது, வழக்கம்போல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். சாமைக் கஞ்சிப் பானையைத் திறந்தால் பாதிக்கு இறங்கியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நான்தான் அதில் தண்ணீர் ஊற்றி நிரப்பிவைத்தவள்.

ராத்திரி சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். பானை குறைந்திருக்கிறதே என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"நான் எங்க சாப்பிட்டேன்? படுக்கறப்ப ஒரு சொம்பு கஞ்சி குடிச்சேன். வெறும் வயித்தோட படுப்பாங்களா?"

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு மொத்தமும் புரிந்தது. புரிந்ததும் முன்னைவிடக் குழப்பமாகிவிட்டது.

எங்கள் வீடுகளில் கஞ்சிப் பானையை முழுசாகக் கழுவுவது கிடையாது. அடியில் ஒரு கை அளவு பழசை விட்டு, அதன்மேல் புதிய கஞ்சியை ஊற்றிப் புளிக்கவைப்போம். பானை உடைந்தால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கரண்டி வாங்கிவந்து ஊற்றுவோம். அந்தப் புளிப்பில் இருக்கிறது சாவி. சாறும் கஞ்சியும் வயிற்றில் சேர்ந்தால் பூட்டு திறக்கிறது. தினம் குடிக்கிறவர்கள் வயிற்றில் அந்த நுண்ணுயிரி தினம் வந்து தினம் போகிற விருந்தாளி. எங்கள் ஆய்வறிக்கை அதைப் பரம்பரைக் குடியிருப்பு என்று எழுதிவிட்டது. கோடி கோடியாகச் செலவழித்து அதை வளர்த்துக் கீழ்நாட்டு வயிறுகளுக்குள் அனுப்பி, தங்கமாட்டேன் என்கிறதே என்று மாதவராஜ் சார் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். அது யார் வயிற்றிலும் தங்குவதில்லை. எங்கள் வயிற்றிலும்தான்.

எதுவும் சாப்பிடக் கூடாது என்றால் எங்கள் ஆட்களுக்குச் சோறு கூடாது, களி கூடாது. கஞ்சி எந்தக் கணக்கிலும் வராது. கஞ்சியைக் குடிப்பார்கள், யார் சாப்பிடுவார்கள்? ஆக, பெட்டி சொன்னதை அப்படியே கேட்டவர்கள் நானும் கவுசல்யாவும் மேனகாவும்தான். ஹாஸ்டல்காரர்கள். வரிசையில் நில் என்றால் நின்று, கட்டம் போட்ட இடத்தில் மட்டும் எழுதி, சொன்னதைச் சொன்னபடி செய்தே மேலே வந்தவர்கள். பட்டினி கிடக்கச் சொன்னார்கள், கிடந்தோம். அதனால் மலைக்காரிகள் இல்லாமல் போனோம்.

அடுத்த நாள் சாயங்காலம் சாற்றைக் குடித்துவிட்டு ஒரு சொம்பு கஞ்சியும் குடித்தேன். மறுநாள் காலை என் குச்சி சங்குப்பூப்போல நீலமாக வந்து நின்றது. வாழ்க்கையில் முதல்முறை. சந்தோஷப்பட வேண்டும் போலவும், அதைக் காலில் போட்டு மிதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

மாதவராஜ் சாருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார்.

"உனக்கு நீலம் வந்தது எதை நிரூபிக்கும் வினோதா? நீதான் மலைக்காரியாச்சே. உனக்குள்ள கொஞ்சம் மிச்சம் இருந்துருக்கலாம்."

வெள்ளை வந்தபோது போய்விட்டது என்றார். நீலம் வந்தால் மிச்சம் இருந்ததாம். சரி, நீங்கள் குடித்துப் பாருங்கள், போசிப் பாத்திரத்தில் கொண்டுவருகிறேன் என்றேன். கழுவாத பானைக் கஞ்சியா என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, வேறு குரலில் கேட்டார்.

"உங்க ஊர் ஆஸ்பத்திரி எதுல நடக்குதுன்னு தெரியும்ல?"

தெரியும். மருந்தின் சாவி எங்கள் உடம்பில் இருப்பதால், கம்பெனி எங்களை மூல மக்கள் என்று ஒப்புக்கொண்டு வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தது. அதில்தான் மலைமேல் ஆஸ்பத்திரி, ராத்திரியும் தங்குகிற லேடி டாக்டர் எல்லாம். என் சித்தி இரண்டாவது பிள்ளையை அங்கேதான் பெற்றாள். முதல் பிரசவத்துக்கு அவளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்கள். பாதி வழியில் அந்தப் பிள்ளை இறந்துவிட்டது.

"வயித்துல இருந்தா அது உங்களுது. பானையில இருந்தா யாருதுன்னு சட்டம் கேக்கும். நாளைக்கே எவனாவது ஒரு கரண்டி வாங்கிட்டுப் போயி பேக்டரி வெப்பான். நல்லா யோசிச்சுக்கோ. தங்கச்சி விஷயம்தானே உனக்குப் பிரச்சினை? கஞ்சியைக் குடிக்கச் சொல்லு. முடிஞ்சுபோச்சு."

மிரட்டுகிறாரா, உதவுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அவர் சொன்னதைத்தான் செய்தேன். வேறென்ன செய்வது? மேனகாவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, சோதனைக்கு முந்தின சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் ஒரு சொம்பு குடித்துவிடு என்றேன். அவள் மாமரத்துக் கிளையில் காயப்போட்டிருந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், முடியாது என்றாள்.

"எனக்குப் புளிச்ச கஞ்சி பிடிக்காதுக்கா. ஆறு வயசுலேர்ந்து குடிச்சதில்ல. வாந்தி வரும்."

"மருந்துன்னு நினைச்சுக் குடி. ஒரே ஒரு நாள்."

"குடிச்சா மலைக்காரி. குடிக்கலன்னா இல்ல. அப்படித்தானே? அப்ப என்னோட அம்மா யாரு, கஞ்சியா?"

ஒரு டாக்டர் சீட்டுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு குடிக்க முடியாதா என்று கத்தினேன். நானே இந்தக் குச்சியைச் செய்துவிட்டு இப்படிக் கத்துகிறேனே என்று நடுவிலேயே தோன்றியது. கத்துவதை நிறுத்தவும் முடியவில்லை. நீ அந்த ஆபீசர் முன்னால் பாடினாய், அதைப் பற்றி எத்தனை வருடம் புலம்பினாய் என்று திருப்பிக் கேட்டாள். மடித்த துணியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுசோதனை அடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். ஏமாற்றுகிறார்கள் என்று புகார் வந்ததால், இந்தமுறை விண்ணப்பித்தவர்கள் பெற்றவர்களோடு வந்து, சாற்றை அவர்கள் கண்ணெதிரிலேயே குடிக்க வேண்டும், அங்கேயே தங்கி, காலையில் சோதனை. எங்கள் ஊரிலிருந்து போகிறவர்களுக்காக ஒரு வேன் பேசினோம். ராசிபுரத்து வேன். முன் கண்ணாடியில் 'ஸ்ரீ ஊமைக் கருப்பண்ணன் துணை' என்று சிவப்பில் எழுதி இரண்டு பக்கமும் தாமரை வரைந்திருந்தது. மேனகா டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவு முழுக்க அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மா மடியில் பெரிய தூக்குப்போசி. ஊரே ஆளுக்கொரு போசி கொண்டுவந்திருந்தது.

குழுவின் அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். முழங்கால் வாதம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் கையெழுத்தே போடுவார். கெட்டவர் இல்லை. எனக்கு அதுதான் கூடுதல் எரிச்சல். நான் கம்பெனிக்காரி என்று தெரிந்ததும் மாத்திரையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். இரண்டு தரம் குச்சி வைத்துப் பார்த்தாராம், வெள்ளையாம். கேட்காது என்று தெரிந்தும், ஒரு நம்பிக்கைக்குச் சாறு மட்டும் தினம் குடிக்கிறாராம். அன்றைக்கும் எல்லோருக்கும் காகிதக் கப்பில் சாறு ஊற்றியபோது அவரும் ஒரு கப் குடித்தார்.

பிறகு மைக்கில், இனிமேல் காலைவரை யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது என்று அறிவித்தார்கள். அறிவிப்பு முடிந்ததும் மண்டபம் முழுக்கத் தூக்குப்போசிகள் திறக்கிற சத்தம் கேட்டது.

அதிகாரி காலை இழுத்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார்.

"என்னம்மா இது? சாப்பிடக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னோம்?"

"சாப்பிடலைங்க சாமி," என்றாள் அம்மா, "கஞ்சி குடிக்கிறோம்."

அவர் சிரித்துவிட்டார். அது சரி, கஞ்சியில் என்ன இருக்கிறது என்றார். வெயில் இறங்கியும் மண்டபம் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா போசியின் மூடியில் ஊற்றி, ஒரு சின்ன வெங்காயத்தை உரித்து அவரிடம் நீட்டினாள். வேண்டாம் என்று கையை ஆட்டியவர், மறுபடி போசியைப் பார்த்தார். வாங்கிக் குடித்தார். இன்னொரு மூடி கேட்டு வாங்கிக் குடித்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். குடிக்காதீர்கள் சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது, சித்தியின் முதல் பிள்ளை ஞாபகம் வந்தது, கவுசல்யா ஞாபகம் வந்தது. எது பெரிசு என்று எடைபோட எனக்குத் தெரியவில்லை. மேனகா தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு மடக்குக் குடித்தாள்.

காலையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நீலம், நீலம், நீலம். மேனகா, வெள்ளை. அதிகாரி அந்தக் குச்சியை மேஜைமேல் வைத்துவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார். அம்மாவுக்கு நீலம், அக்கா கம்பெனியிலேயே இருக்கிறாள், இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி என்று பேனாவைத் திறந்தார். நிராகரிக்கிறேன் என்று எழுதத்தான் திறக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"சார், நீங்க ஒரு தடவை பாருங்க," என்றேன். என் வாய்தான் சொன்னது. நான் முடிவெடுத்ததாக ஞாபகம் இல்லை.

"நான் பாத்துட்டேனேம்மா. எனக்கு வராது."

"இன்னைக்குப் பாருங்க சார். காலையில முட்டி எப்படி இருக்கு?"

அவர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். இன்றைக்குக் காலைத் தூக்கி நாற்காலியில் போடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ஒரு நாளில் வீக்கம் வற்றாது, எனக்குத் தெரியும். மண்டபத்துக் கட்டிலில் நன்றாகத் தூங்கியிருப்பார். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. அவர் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வரும்போது பல்லியின் அறுந்த வாலைப் பிடிப்பதுபோல விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல நீலம். மேனகாவின் வெள்ளைக் குச்சிக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"நேத்து நீங்க கஞ்சி குடிச்சீங்கன்னு அர்த்தம் சார்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, சாவி, பானை, பெட்டிமேல் இருக்கிற வரி. அவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

"அப்ப இதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட்டதெல்லாம்?"

"கஞ்சி குடிச்சவங்களுக்குப் போட்டீங்க."

"போடாம விட்டதெல்லாம்?"

"பொட்டி மேல எழுதினதைப் படிச்சவங்களுக்குப் போடல."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு குச்சிகளையும் எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. முடிந்தது, தொலைந்தது சனியன் என்று நினைத்தேன். அவர் பேனாவை மறுபடி எடுத்தார். மேனகாவை முன்னால் வரச்சொன்னார்.

"சரிம்மா. உங்க குலதெய்வம் என்ன?"

இதற்காகவா? இத்தனையும் சுற்றி வந்து, பிஸ்கட் இல்லாத அதே மேஜைக்கா? அடுத்தது பாடச் சொல்வார். நான் வாயைத் திறக்கும் முன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மேனகா மட்டும் யோசிக்கவே இல்லை.

"ஊமைக் கருப்பண்ணன் சார்."

"பூசை எப்ப?"

"ஆடியில சார். சேவல் அறுப்போம்."

அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். நான் மேனகாவைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். அம்மாவின் வாய் திறந்து மூடியது. என் மணிக்கட்டில் அவள் பிடி இறுகியது. அதிகாரி கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்து, சான்றிதழை மேனகாவின் கையில் கொடுத்தார். நல்லாப் படிம்மா, எனக்கு முட்டிக்கு வைத்தியம் பாரு என்றார். சரி சார் என்றாள்.

வேன் கிளம்பியதும் என் போனில் மாதவராஜ் சார் பெயர் வந்து வந்து நின்றது. அதற்குள் தெரிந்துவிட்டதுபோல. எடுக்கவில்லை. எடுத்தால் அவர் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்பார். அது இனி நடக்குமா நடக்காதா என்று எனக்குத் தெரியாது. வேனில் எல்லோரும் மேனகாவின் சான்றிதழைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செய்தது அவர்களுக்கு நல்லதா என்று அவர்கள் யாரையும் நான் கேட்டிருக்கவில்லை.

முதல் கொண்டை ஊசி வளைவு வரை பொறுத்துக்கொண்டிருந்த அம்மா, அதற்குமேல் முடியாமல் திரும்பினாள்.

"சாமி பேரைப் போயி மாத்திச் சொல்லுவியாடி? உனக்குத் தெரியாதா நம்ம சாமி எதுன்னு?"

மேனகா வேனின் முன் கண்ணாடியைக் காட்டினாள். தாமரைகளுக்கு நடுவில் எழுத்துகள் உள்ளிருந்து இடம் வலம் மாறித் தெரிந்தன.

"தெரியும்மா. நானும் ஒரு குச்சி வெச்சுப் பாத்தேன். அந்த ஆபீசருக்கு வெள்ளை."